கடலூரில் வீடு வாங்கிக் குடியேறுகிறவர்களுக்கு: வரி எண்ணில் தொடங்கி குப்பை வண்டி வரை

2020 அக்டோபரில், எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்காவின் சொத்து வரியை நான் கட்டினேன். தர்ம சிந்தனையெல்லாம் இல்லை. இணையத்தில் வரி விதிப்பு எண்ணை அடிக்கும்போது கடைசி இலக்கம் மாறிவிட்டது. திரையில் யாரோ ஒருவர் பெயர் வந்தது. வீடு வாங்கி எட்டு மாதமாகியும் வரிப் பெயரை நான் மாற்றாமல் வைத்திருந்ததால், வேறு பெயர் வந்ததில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. பழைய உரிமையாளரின் அப்பாவாக இருக்கும் என்று நினைத்துப் பணத்தைச் செலுத்திவிட்டேன்.

மார்ச் மாதம் என் வீட்டுக்குக் கேட்பு அறிவிப்பு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ரசீதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். "அதான் தம்பி, நான் கட்டப் போனா பாக்கி ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. சரி, கவர்மெண்ட்டு தள்ளுபடி பண்ணிட்டாங்க போலன்னு பேசாம வந்துட்டேன்" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு டம்ளர் மோரும் கிடைத்தது.

அதற்குப் பிறகு, கடலூருக்குப் புதிதாக வந்த நண்பர்கள் யார் கேட்டாலும் பெயர் மாற்றத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

முதலில், வீடு எந்த எல்லையில் இருக்கிறது?

கடலூர் 1866இலேயே நகராட்சி ஆன ஊர். 2021இல் மாநகராட்சியானது. மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், தேவனாம்பட்டினம், வண்ணாரப்பாளையம் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பல ஊர்கள் சேர்ந்ததுதான் இன்றைய 45 வார்டுகள். இப்போதும் மஞ்சக்குப்பத்துக்காரர் முதுநகருக்குக் கிளம்பினால் "ஓ.டி.க்குப் போய்ட்டு வர்றேன்" என்பார் (ஓல்டு டவுன் என்பதன் சுருக்கம்), என்னவோ பக்கத்து ஊருக்குப் பயணம் போவதுபோல.

மாநகராட்சி எங்கே முடிகிறது, ஊராட்சி எங்கே தொடங்குகிறது என்று ரோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீடுகள் தொடர்ச்சியாகவே இருக்கும். நான் இடம் தேடிய காலத்தில் தரகர் "டவுனுக்குள்ளதான் சார்" என்று காட்டிய நான்கு மனைகளில் இரண்டு ஊராட்சியில் இருந்தன. அதில் தப்பொன்றும் இல்லை. வரி பொதுவாகக் குறைவு. ஆனால் வீட்டு வரியை ஊராட்சியில் கட்ட வேண்டும், குடிநீர் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும், பாதாளச் சாக்கடையை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். சுற்றியுள்ள ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சும் அவ்வப்போது எழும் என்பதால், பழைய தகவலை நம்பாமல் விற்பவரின் கடைசி வரி ரசீதை வாங்கித் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதுவே போதும்.

புதுச்சேரியிலிருந்து இங்கே வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே குடிநீர் பொதுப்பணித் துறை, மின்சாரம் அரசின் மின்துறை, வீட்டு வரி மட்டும் நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து என்று பழகியிருப்பீர்கள். 2006க்குப் பிறகு அங்கே உள்ளாட்சித் தேர்தலே நடக்காததால், கவுன்சிலர் என்று ஓர் ஆள் இருப்பார் என்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும். கடலூரில் வரி, குடிநீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு எல்லாம் ஒரே மாநகராட்சியில் அடங்கும். மேயரும் வார்டுக்கு ஒரு கவுன்சிலரும் மன்றத்தில். ஆணையரும் அவருக்குக் கீழே வருவாய், பொறியியல், நகரமைப்பு, பொது சுகாதாரம் என்ற பிரிவுகளும் நிர்வாகத்தில். எந்த வேலைக்கு எந்தப் பிரிவு என்று தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஒரே வீடு, நான்கு அலுவலகம்

புதிதாக வீடு வாங்குகிறவர்கள் மிக அதிகமாகக் குழம்புவது இங்கேதான். பத்திரம் பதிவானதும் எல்லாம் முடிந்ததென்று நினைத்துவிடுகிறார்கள்.

உங்கள் வீடு நான்கு இடங்களில் நான்கு பெயரில் இருக்கலாம். பத்திரமும் வில்லங்கச் சான்றும் சார்பதிவாளர் அலுவலகத்தில். பட்டா வட்டாட்சியர் அலுவலகத்தில். சொத்து வரி, குடிநீர், சாக்கடை இணைப்பு மாநகராட்சியில். மின் இணைப்பு மின்வாரியத்தில். 2024இலிருந்து அதன் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்; ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, எல்லாருக்கும் அது ஈ.பி.தான். இந்த நான்கில் ஒன்றில் பெயரை மாற்றினால் மற்றவற்றிலும் தானாக மாறிவிடும் என்று எண்ணாதீர்கள். பத்திரப் பதிவோடு பட்டா மாற்றத்துக்கான விண்ணப்பம் போய்விடும். உட்பிரிவு இல்லாத இடமென்றால் அது ஓரளவு சீக்கிரம் முடியும். வரிக்கும் ஈ.பி.க்கும் நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

பட்டா கேட்கும்போது நகர எல்லைக்குள் டி.எஸ்.எல்.ஆர். என்ற சொல் வரும், பயப்பட வேண்டாம். நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் அது. நகரத்துக்குள் பட்டாவின் வேலையை அதுதான் செய்கிறது. அதில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று மூன்று இருக்கும். அந்த "வார்டு" நில அளவைக்காரர்களுடைய வார்டு. கவுன்சிலர் தேர்தலில் நிற்கும் வார்டு வேறு. என் நண்பர் ஒருவர் டி.எஸ்.எல்.ஆர். வார்டை வைத்துக்கொண்டு தன் கவுன்சிலர் யாரென்று ஒரு வாரம் தேடினார். வரி ரசீதில் இருக்கும் வார்டு எண்ணைப் பாருங்கள், குழப்பம் தீரும்.

இன்னொன்று. வரி ரசீது உங்கள் பெயரில் இருந்தால் வீடு உங்களுடையது என்று ஆகிவிடாது. வரி கட்டியதற்கு மட்டுமே அது சாட்சி. "இருபது வருஷமா நான்தான் வரி கட்டுறேன்" என்று சொல்லி விற்க வருகிறவரிடம் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேளுங்கள்.

பெயர் மாற்றம்

இதை வீடு வாங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்பேன். விற்பவரிடம் சொத்து வரி எண், குடிநீர் இணைப்பு எண், பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதன் எண், ஈ.பி. இணைப்பு எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான அரசின் இணையதளத்தில் (டிஎன் அர்பன் இ-பே என்று தேடினால் வந்துவிடும்) எண்ணைக் கொடுத்தால் பாக்கி எவ்வளவு என்று காட்டும். பாக்கி என்பது ஆளோடு போவதில்லை, வீட்டோடு நிற்கிறது. பழையவர் பத்து அரையாண்டு கட்டாமல் விட்டிருந்தால் நோட்டீஸ் உங்கள் கதவில்தான் ஒட்டப்படும். அதனால் பத்திரப் பதிவன்றே "பாக்கி இல்லை" என்று காட்டும் ரசீதுகளைக் கையில் வாங்கிவிடுங்கள். முன்பணம் கொடுத்து, மீதிப் பணம் கொடுப்பதற்கு இடையிலான நாட்களில் இதைக் கேட்டால் விற்பவர் மலர்ந்த முகத்தோடு தருவார். முழுப் பணமும் கைமாறிய பிறகு கேட்டால் போனை எடுக்க மாட்டார்.

விண்ணப்பத்தோடு பத்திர நகல், நடப்பு அரையாண்டு வரை கட்டிய வரி ரசீது, ஆதார் நகல், கைபேசி எண் இவை வேண்டும். வீடு வாரிசு முறையில் வந்ததென்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் சேரும்; வாரிசுகள் ஒன்றுக்கு மேல் என்றால் பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம் கேட்பார்கள். சிறிய கட்டணம் உண்டு. இணையத்திலும் விண்ணப்பிக்கலாம், வருவாய்ப் பிரிவில் நேரிலும் கொடுக்கலாம். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

பெயர் மாறி வந்ததும் எழுத்துகளைச் சரிபாருங்கள். "கலியபெருமாள்" என்பது "கலியபெருமள்" என்று வந்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. வங்கிக் கடன் கேட்கப் போகும் நாளில் அந்த ஒரு கால் உங்களை மூன்று தடவை நடக்க வைக்கும். கைபேசி எண்ணும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பழையவரின் எண் அப்படியே இருந்தால், வரித் தகவலெல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

சரி, பழைய எண், புதிய எண் விஷயம். பழைய ரசீதுகளில் இருக்கும் எண்ணை இணையதளத்தில் போட்டால் சில சமயம் வராது. கணினிமயமாக்கியபோது எண்கள் மாறின. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, பத்திர நகலின் பின்னால் ஒட்டி வையுங்கள். நான் இப்போது எண்ணை அடித்ததும் பெயரைப் பார்க்கிறேன், அப்புறம் கதவிலக்கத்தைப் பார்க்கிறேன், அதற்குப் பிறகே பணம்.

வரி எப்படிக் கணக்காகிறது

"பக்கத்து வீட்டுக்கு எழுநூறு, எனக்கு ஏன் ஆயிரத்து நூறு?" என்ற கேள்வி எல்லாருக்கும் வரும்.

அடிப்படை ஆண்டு வாடகை மதிப்பு. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் உண்மையில் எவ்வளவு வரும் என்று யாரும் வந்து விசாரிப்பதில்லை. ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் சதுர அடிக்கு ஓர் அடிப்படை மதிப்பு வைத்திருப்பார்கள். கடைத்தெரு ஒரு மண்டலம், உள்தெரு இன்னொன்று. அதோடு கட்டடப் பரப்பு, கான்கிரீட்டா ஓடா என்ற வகை, எத்தனை வருடப் பழசு, குடியிருப்பா கடையா என்ற பயன்பாடு எல்லாம் சேர்ந்து வரி வருகிறது. ஆகவே பக்கத்து வீட்டோடு ஒப்பிடும்போது மனையின் அளவை ஒப்பிடாதீர்கள், கட்டடத்தின் பரப்பை ஒப்பிடுங்கள்.

முன்னறையைத் தையல் கடைக்கு விட்டால் அந்தப் பகுதிக்கு வணிக வீதம். மாடியில் புதிதாக ஓர் அறை எழுப்பினால் அதற்கும் வரி. சொல்லாமல் இருந்தால் தெரியவா போகிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒருநாள் அளவு எடுக்க வருவார்கள், அன்றைக்கு முந்தைய வருடங்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள்.

2022 ஏப்ரல் 1இலிருந்து தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்ந்தது. கடலூர் உட்பட, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். 1100 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 800 ரூபாய் கட்டிவந்தவர் 1200 கட்ட வேண்டியதாயிற்று. அந்த ஏப்ரலில் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. இதில் கவனிக்க வேண்டியது அளவு எல்லை. 1190 சதுர அடியும் 1210 சதுர அடியும் பார்வைக்கு ஒன்றுதான், உயர்வு வேறு. பரப்பு தப்பாகப் பதிவாகியிருந்தால் அந்தத் தப்பு ஒவ்வொரு அரையாண்டும் உங்களைத் தொடரும்.

அதனால் புது வீட்டுக்கு அளவு எடுக்க வரும் நாளில் வீட்டில் இருங்கள். டேப்பின் மறுமுனையை நீங்களே பிடியுங்கள். எங்கள் மாமா அப்படித்தான் செய்தார். சன்ஷேடு வரை நீண்ட டேப்பைச் சுவர் ஓரத்துக்கு இழுத்து வைத்து, "இங்கதானே சார் செவுரு" என்றார். வந்தவரும் மறு பேச்சில்லாமல் எண்ணைத் திருத்தி எழுதிக்கொண்டார். எழுதியதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வரிசை இது: கட்டட அனுமதி, கட்டி முடித்தல், சுய மதிப்பீட்டுப் படிவம், அளவு, வரி எண். 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டினால், சுய சான்று முறையில் ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே உடனடி அனுமதி வாங்கலாம். 2024 ஜூலையில் வந்த ஏற்பாடு. நல்ல வசதிதான். ஆனால் சுய சான்று என்றால் பொறுப்பும் உங்களுடையது. பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டிவிட்டு, அனுமதி கொடுத்தீர்களே என்று கேட்க முடியாது.

காலி மனைக்கும் வரி உண்டு. பிற்காலத்தில் கட்டலாமென்று மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கட்டட அனுமதிக்குப் போகும்போது காலியிட வரி பாக்கி மொத்தமாக வந்து நிற்கும்.

விதித்த வரி அதிகம் என்று தோன்றினால் வாய்த்தகராறு வேண்டாம். நோட்டீஸில் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆணையருக்குச் சீராய்வு மனு கொடுங்கள். பரப்பும் பயன்பாடும் எங்கே தப்பு என்பதைத் தாளில் காட்டுங்கள். "ரொம்ப அதிகம்" என்று மட்டும் எழுதிய மனு எங்கும் நகராது.

கட்டும் நாளும் ரசீதும்

வருடத்துக்கு இரண்டு அரையாண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஒவ்வோர் அரையாண்டும் தொடங்கிய முதல் முப்பது நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 30க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை. அதிகபட்சம் 5000 ரூபாய். 1200 ரூபாய் வரிக்கு 60 ரூபாய் மிச்சம். முதுநகர் பக்கம் போய்க் கொஞ்சம் மத்தி வாங்கலாம், அவ்வளவுதான். நாள் தவறினால் மாதத்துக்கு 1 சதவீதம் தனிவட்டி. இதுவும் சிறியதுதான், ஆனால் ஐந்தாறு வருடம் விட்டுவைத்தால் சிறியதாக இருக்காது. நீண்ட பாக்கிக்குக் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பார்கள்.

வீட்டு வாசலுக்கே பில் கலெக்டர் கையடக்கக் கருவியோடு வருவார். வரி வசூல் மையத்திலும் கட்டலாம், இணையத்திலும் கட்டலாம். யாரிடம் கொடுத்தாலும் அச்சடித்த ரசீது அப்போதே வர வேண்டும். "நாளைக்குக் கொண்டு வந்து தர்றேன்" என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். இணையத்தில் பணம் பிடித்துக்கொண்டு ரசீது வராமல் நின்றால் உடனே இரண்டாம் தடவை கட்டாதீர்கள். இரண்டொரு நாள் பொறுத்து வங்கிக் கணக்கையும் பாக்கி விவரத்தையும் பாருங்கள்.

ரசீதைப் படித்தால் சொத்து வரிக்குக் கீழே நூலக வரி, கல்வி வரி என்று வரிகள் இருக்கும். நூலக வரி சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. அது மாவட்ட நூலகங்களுக்குப் போகிறது. ஆகவே நூலகத்தில் உறுப்பினராகாமல் இருக்கிறவர்கள், ஏற்கெனவே சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், போய்ப் புத்தகம் எடுங்கள். குப்பைக்கான கட்டணமும் ரசீதில் தனியாக வரும்.

தொழில் வரி என்பது வேறு. சம்பளக்காரர்களுக்கு நிறுவனமே பிடித்துக் கட்டும். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் தாங்களே கட்ட வேண்டும். இதுவும் அரையாண்டுக்கு ஒருமுறை. எவ்வளவு சம்பாதித்தாலும் வருடத்துக்கு 2500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியலமைப்பே எல்லை வைத்திருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்கள் சொத்து வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது வீட்டுக்காரர் பாடு. குடிநீர்க் கட்டணம் யார் கட்டுவது என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். காலி செய்யும் நாளில் வரும் சண்டைகளில் பாதி அதனால்தான்.

தண்ணீர், சாக்கடை, குப்பை, விளக்கு

குடிநீர் இணைப்புக்குச் சொத்து வரி எண் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. வைப்புத்தொகை, இணைப்புக் கட்டணம், ரோட்டைத் தோண்டினால் அதைச் சரிசெய்யும் கட்டணம் என்று மூன்று வரும். தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்பது தெருவுக்குத் தெரு மாறும். அதை அலுவலகத்தில் கேட்பதைவிட எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேட்பது நல்லது. குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சக் கூடாது; பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், தெருக் கோடியில் இருக்கும் வீட்டுக்காரர்கள் சாபம் கொடுப்பார்கள். தரைமட்டத் தொட்டியில் விழவிட்டு, அங்கிருந்து மேலே ஏற்றுங்கள்.

பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவிலும் இல்லை. உங்கள் தெருவில் இருந்தால் இணைப்பு வாங்கி, மாதக் கட்டணத்தைக் கட்டுங்கள். மழைநீர்க் குழாயை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். ஐப்பசி மழையில் மேன்ஹோல் பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பொங்குவதற்கு முன்பே, உரிமம் பெற்ற லாரியை அழையுங்கள். 14420 என்ற எண்ணில் ஏற்பாடு செய்யலாம். ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "ரெண்டு நிமிஷ வேலை சார்" என்று வருகிறவரே சொன்னாலும் இறக்காதீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் விஷவாயு ஆளைக் கொன்றுவிடும்.

குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா முதல் வாரம் என் வாளியைப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. கையை உள்ளே விட்டு, சாம்பார்ச் சாதத்துக்கு நடுவிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து என் முன்னாலேயே உதறிக் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் பாக்கெட் அலசிக் காயப்போட்டுத்தான் வெளியே போகிறது. நாப்கின், டயப்பர் இவற்றைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். வண்டி சில நாள் வரவில்லையென்றால் அந்தப் பகுதியின் துப்புரவு ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும், அவர் பொது சுகாதாரப் பிரிவில் இருப்பார்.

தெருவிளக்கு எரியாவிட்டால் ஈ.பி.க்குப் போன் செய்து பயனில்லை. கம்பம் அவர்களுடையது, விளக்கு மாநகராட்சியுடையது. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். "முருகன் கோயில் பக்கத்துல" என்றால் கடலூரில் எத்தனை முருகன் கோயில்! வீட்டில் மின்சாரம் இல்லையென்றால், ஒயர் அறுந்து தொங்கினால், அது ஈ.பி. வேலை: 94987 94987, மின்னகம் என்ற அவர்களுடைய புகார் மையம். ரோட்டுப் பள்ளமும் இப்படித்தான். உள்தெரு மாநகராட்சி, பெரிய சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையினுடையவை.

குழந்தை பிறந்தால்

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் தகவலை அவர்களே அனுப்புவார்கள். பெற்றோர் பெயரின் எழுத்துகளை அங்கேயே படிவத்தில் சரிபார்ப்பது உங்கள் வேலை. குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். ஜாதகம் பார்த்து, தாத்தா பாட்டி சம்மதம் வாங்கி, எழுத்து எண்ணிப் பெயர் வைப்பதற்கு ஒரு வருடம் தாராளம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று இது ஒன்றுதான், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். கடலூரில் குடியிருந்து புதுச்சேரி மருத்துவமனையில் பிரசவம் பார்க்கிறவர்கள் நிறைய. அவர்களுக்குச் சான்றிதழ் புதுச்சேரியிலிருந்துதான் வர வேண்டும்.

வேலை நடக்காவிட்டால்

முதலில் சம்பந்தப்பட்ட பிரிவு. அங்கே நடக்காவிட்டால் கவுன்சிலர். கவுன்சிலரைப் பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். உங்களுக்கு அவர் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, அவர் வார்டில் நீங்கள் இருந்தால் போதும். காலையில் ஏழு, எட்டு மணிக்குள் போனால் ஆள் கிடைப்பார். வார்டு குழுவும், வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவும் சட்டப்படி இருக்கின்றன. பகுதி சபா கூடுகிறது என்று தெரிந்தால் போய் உட்காருங்கள், கூட்டம் அதிகம் இராது என்பதால் உங்கள் தெருப் பிரச்சினைக்குக் காது கிடைக்கும்.

அதற்கும் மேலே 1100 என்ற முதல்வரின் உதவி எண். புகாருக்கு ஓர் எண் தருவார்கள், அதை எழுதி வையுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காத்திருக்க நேரமும் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தால் போகலாம். எங்கே போனாலும் முந்தைய மனுவின் நகலை இணையுங்கள். முதல் மனுவின் தேதி இல்லாத இரண்டாம் மனு, திரும்பவும் முதல் மனுவாகவே கணக்கில் போகும்.

மழைக்காலம்

கடலூரில் குடியேறுகிறவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தைத் தனியாகப் பழக வேண்டும். ஊருக்குள் கெடிலம், வடக்கே தென்பெண்ணை, கிழக்கே கடல். 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015இல் வெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை நீரோடு பெண்ணையாறு பொங்கியது. மழை இங்கே மட்டுமல்ல, மேலே திருவண்ணாமலைப் பக்கமும் கொட்டியது. அந்தத் தண்ணீரும் இங்கே வந்தது. தெரு வடிகால் அடைப்புக்கு மாநகராட்சியையும், ஆற்றில் தண்ணீர் ஏறினால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077ஐயும் கூப்பிட வேண்டும். வடிகாலைத் தூர்வாரச் சொல்லும் மனுவை ஆகஸ்டிலேயே கொடுங்கள். நவம்பரில் கொடுத்தால் அதைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

பத்திரம், வரி ரசீது, டி.எஸ்.எல்.ஆர். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கைபேசியிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள். அசலை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண் மேல் ஏற்றுங்கள். 2024இல் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தபோது அக்கா வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டு நனைந்துவிட்டது. தண்ணீர் வடிந்த மறுநாள் ஒரு மூட்டைத் தாளோடு எங்கள் வீட்டு மாடிக்கு வந்தார். கட்டில் முழுக்கப் பழைய துணியை விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டோம். பத்திரம் பிழைத்தது. கையால் எழுதிய பழைய நகராட்சி ரசீதுகளும் எப்படியோ பிழைத்தன. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்ததெல்லாம் நீலமாகக் கரைந்துவிட்டிருந்தது. அப்படிக் கரைந்த ஒன்றை அக்கா தூக்கிப் பிடித்து, "இது நீ கட்டுனது தம்பி, பாத்தியா" என்று காட்டினார்.